கிழமையை நம்பிய பாடத்திட்டம்

கேள்வி: பென்சில்வேனியாவில் ஓர் உயர்நிலைப் பள்ளியில் ஆங்கில ஆசிரியையாக இருக்கிறேன். பத்தாம் வகுப்பு மூன்று செக்‌ஷன், ஏபி லிட்டரேச்சர் (பள்ளியிலேயே கல்லூரி அளவில் நடக்கும் இலக்கிய வகுப்பு) இரண்டு செக்‌ஷன். தினம் எட்டு பீரியட், ஒவ்வொன்றும் 42 நிமிடம். திங்கள் சொல்வளம், செவ்வாய், புதன் வாசிப்பு, வியாழன் எழுத்து, வெள்ளி குவிஸ் என்று பல வருடமாக ஓடிய வண்டி இது. ஜனவரிக் கடைசி இரண்டு வாரத்தில் பனியால் எல்லாம் சிதறிவிட்டது. இரண்டு நாள் பள்ளி மூடல், ஒரு நாள் வீட்டிலிருந்து பாடம், இரண்டு நாள் இரண்டு மணி நேர டிலே, அதாவது பள்ளி தாமதமாகத் தொடங்கியது. இன்னொரு நாள் மதியமே அனுப்பிவிட்டார்கள், கடைசி இரண்டு பீரியட் நடக்கவில்லை. ஷேக்ஸ்பியரின் ‘மாக்பெத்’ மூன்றாம் அங்கத்தில் நிற்கிறது. ஏழாவது பீரியட் பிள்ளைகள் மற்ற இரண்டு செக்‌ஷனுக்கும் பின்னால் இருக்கிறார்கள். திருத்தாத கட்டுரைகள் மேஜை நிறைய. இரண்டு வாரப் பாடம் போய்விட்டது, எப்படிப் பிடிப்பது? இன்னொன்று: நாங்கள் குடியிருப்பது வேறு டிஸ்ட்ரிக்ட் (தனிப் பள்ளி நிர்வாகப் பகுதி). என் பையன் பள்ளிக்கு விடுமுறை, எனக்கு வேலை என்று வரும் நாளில் என்ன செய்வது?

பதில்: வணக்கம் டீச்சர். முதலில் இரண்டு வாரம் போய்விட்டது என்ற கணக்கைச் சரி பார்த்துவிடுவோம். மூடிய நாள் இரண்டுக்கு 84 நிமிடம். வீட்டிலிருந்து பாடம் நடந்த நாளில் பாதியாவது தேறியிருக்கும் என்று வைத்தால் நஷ்டம் 21. இரண்டு மணி நேர டிலே என்றால் 120 நிமிடத்தை எட்டு பீரியடும் பங்கு போட்டுக்கொள்ளும், ஆளுக்கு 15 போய் 27 நிமிடம் மிஞ்சும். இரண்டு டிலேக்கு 30. மொத்தம் 135 நிமிடம். அதாவது மூணேகால் பீரியட். மதியமே விட்ட நாளை முழுதாக இழந்த ஏழாவது பீரியடுக்கு நாலேகால்.

அப்படியானால் ஏன் இரண்டு வாரம் போனதுபோல் இருக்கிறது? உங்கள் பாடத்திட்டம் கிழமையில் தொங்கிக்கொண்டிருக்கிறது, அதனால்தான். வியாழன் மூடினால் ஒரு பீரியட் எழுத்துதான் போக வேண்டும். ஆனால் எழுத்து என்றால் வியாழன் என்று இருப்பதால் அது அடுத்த வியாழனுக்குப் போகிறது, ஏழு நாள் தள்ளி. வெள்ளி குவிஸுக்குப் படித்த பிள்ளை திங்கள் வந்தால் அன்று புதுச் சொல் பட்டியல் காத்திருக்கிறது, பழைய குவிஸ் எங்கே என்று யாருக்கும் தெரியாது. பனி தின்றது மூணேகால் பீரியட். மிச்சத்தைக் கிழமை தின்றது.

ஆகவே பிப்ரவரி முதல் கிழமையைக் கழற்றிவிடுங்கள். பாடங்களுக்கு எண் கொடுங்கள்: பாடம் 1, பாடம் 2 என்று, அடுத்த இருபது வகுப்புக்கு. எந்த நாளில் பள்ளி நடந்தாலும் அடுத்த எண் நடக்கும், அவ்வளவுதான். சொல்வளம், வாசிப்பு, எழுத்து, குவிஸ் என்ற சுழற்சி அப்படியே இருக்கட்டும். ஐந்து வகுப்புக்கு ஒரு சுற்று, அது திங்களில் தொடங்கினால் என்ன, புதனில் தொடங்கினால் என்ன. செக்‌ஷனுக்கு ஓர் அட்டை வைத்து, அன்று முடித்த எண்ணைப் பென்சிலில் குறியுங்கள். ஏழாவது பீரியட் 11இலும் மற்றவை 12இலும் இருக்கிறது என்பது ஒரே பார்வையில் தெரியும். இன்றைக்கு அந்த வித்தியாசம் உங்கள் தலைக்குள் மட்டுமே இருக்கிறது, அசதிக்குப் பாதிக் காரணம் அதுதான்.

கெடு தேதியும் இதே மாதிரிதான். ‘பிப்ரவரி 6க்குள் கட்டுரை’ என்று எழுதாதீர்கள். ‘பாடம் 14 நடக்கும் வகுப்பின் தொடக்கத்தில்’ என்று எழுதுங்கள். கூகுள் கிளாஸ்ரூமில் ஒரு தேதி போட்டு வைக்கலாம். ஆனால் அட்டையில் இருப்பதே விதி, திரையில் இருப்பது நினைவூட்டல் என்று பிள்ளைகளிடமும் பெற்றோரிடமும் ஒரு தடவை எழுத்தில் சொல்லிவிடுங்கள். இதைச் சொல்லாமல் விட்டால் மின்சாரம் போன வீட்டுப் பையனுக்கு இரவு 11:59க்குக் கணினி தாமத முத்திரை குத்திவிடும். மறுநாள் நீங்கள் உட்கார்ந்து முப்பது பேருக்கு அதைக் கையால் நீக்கிக்கொண்டிருப்பீர்கள்.

குவிஸுக்கு மட்டும் ஒரு விலக்கு. ஒரு முறை தள்ளிய குவிஸைப் பள்ளி திறந்த முதல் வகுப்பில் வைக்காதீர்கள், இரண்டாவது வகுப்பில் வையுங்கள். இரண்டாவது தடவையும் தள்ள வேண்டி வந்தால் அதை ரத்து செய்துவிட்டு, அந்தச் சொற்களில் முக்கியமான ஐந்தை அடுத்த குவிஸில் சேருங்கள். ஆறின கஞ்சி பழங்கஞ்சி. மூன்று வாரம் தள்ளிப்போன குவிஸ் சொல்வளத்தை அளப்பதில்லை, யார் வீட்டில் மறுபடி படிக்கவைத்தார்கள் என்பதைத்தான் அளக்கிறது.

அடுத்து டிலே நாள். மூடிய நாளைவிட அதிகக் குழப்பம் செய்வது இதுதான் என்பது உங்களுக்கே தெரிந்திருக்கும். 27 நிமிடத்தில் பிள்ளைகள் உட்கார்ந்து வருகை எடுக்க நாலு நிமிடம் போனால் கையில் 23. பலரும் 42 நிமிடப் பாடத்தை 23க்குள் திணிக்கப் பார்ப்பார்கள். விளைவு, பாடத்தின் முன்பாதி மட்டும் நடக்கும். பெரும்பாலான பாடத்தில் முன்பாதி என்பது ஆசிரியர் விளக்கும் பகுதி, பின்பாதி பிள்ளைகள் செய்து பார்க்கும் பகுதி. செய்து பார்ப்பது அடுத்த நாளுக்குப் போனால் விளக்கத்தைத் திரும்பச் சொல்ல வேண்டும். ஒரு பாடத்துக்கு ஒன்றரை நாள் செலவு.

டிலே நாளுக்கு எண் போட்ட பாடத்தை எடுக்கவே எடுக்காதீர்கள். அதற்கென்று 20 நிமிடப் பாடங்கள் ஐந்தாறை நவம்பரிலேயே தயாராக வைத்திருப்பது நல்லது. இந்த வருடத்துக்கு இந்த ஞாயிறே உட்கார்ந்து மூன்று செய்தால் போதும். எந்த எண்ணுக்குப் பிறகும் செருகக்கூடியவையாக அவை இருக்க வேண்டும்: ஒரே பத்தியை எடுத்து மேற்கோளை வாக்கியத்துக்குள் பொருத்தும் பயிற்சி, போன கட்டுரையில் தங்கள் சொந்தப் பத்தி ஒன்றை மட்டும் திருத்தி எழுதுவது, எட்டு வரியை மூன்று விதமான குரலில் படித்துப் பொருள் எங்கே மாறுகிறது என்று பார்ப்பது. பின்தங்கிய செக்‌ஷனைச் சமன் செய்யவும் டிலே நாள் உதவும். முன்னால் போன இரண்டு செக்‌ஷனுக்கு இந்தச் செருகல் பாடம், ஏழாவது பீரியடுக்கு மட்டும் விட்டுப்போன பாடத்தின் சாரம். இரண்டு டிலேயில் இடைவெளி மூடிவிடும்.

டிலே வராவிட்டால் என்ன என்று கேட்பீர்கள். மூன்று செக்‌ஷனும் ஒரே எண்ணில் இருந்தே ஆக வேண்டும் என்பதில்லை. பெரிய தேர்வும் கட்டுரைக் கெடுவும் ஒரே நாளில் வர வேண்டும் என்றால் மட்டும் சமன் செய்யுங்கள். இல்லாவிட்டால் ஒரு பாடம் பின்னால் இருந்துவிட்டுப் போகட்டும். உங்களுக்குத் திருத்த வரும் கட்டும் ஒரு நாள் விட்டு வரும், அதுவும் லாபம்தான்.

பள்ளி மீண்டும் திறக்கும் முதல் நாள்தான் நிறையப் பேர் சறுக்கும் இடம். ‘வீட்டில் அடுத்த காட்சியைப் படித்துவிட்டு வாருங்கள் என்று சொன்னேனே’ என்று தொடங்கினால் படித்தவர்களில் பாதிப் பேர் மறந்திருப்பார்கள், புத்தகத்தை லாக்கரில் விட்டவர்கள் முழிப்பார்கள், நீங்களே கதையைச் சொல்ல ஆரம்பிப்பீர்கள். பீரியட் முடிந்துவிடும். யாரும் படிக்கவில்லை என்று வைத்துக்கொண்டே அந்த வகுப்பைத் திட்டமிடுங்கள். உள்ளே வந்ததும் ஆளுக்கு ஒரு தாள். புத்தகத்தைத் திறக்காமல், கடைசியாக நடந்த மூன்று சம்பவத்தை எழுதச் சொல்லுங்கள், மூன்று நிமிடம். பக்கத்தில் இருப்பவரோடு ஒப்பிட்டு விட்டதைச் சேர்க்க இரண்டு நிமிடம். இரண்டு பேரைச் சொல்லவைத்து நீங்கள் பலகையில் ஐந்து வரி எழுதுங்கள். எட்டாவது நிமிடம் நாடகத்துக்குள் இருக்க வேண்டும். நீங்கள் கதைச்சுருக்கம் சொன்னால் அது உங்கள் நினைவுக்குத்தான் பயிற்சி.

இப்போது ‘மாக்பெத்’. போன மூணேகால் பீரியடை வேகமாக ஓட்டிப் பிடிக்கப் பார்க்காதீர்கள், வெட்டுங்கள். வேகம் கூட்டினால் எல்லாக் காட்சியும் ஒரே அளவுக்கு மங்கும். வெட்டினால் மிஞ்சுவதாவது உயிரோடு இருக்கும். மூன்றாம் அங்கத்தில் விருந்துக் காட்சியை முழுதாக நடத்துங்கள், அதில் கை வைக்க வேண்டாம். அதற்கு அடுத்த ஹெகட்டி காட்சியை அப்படியே விடலாம். அது ஷேக்ஸ்பியர் காலத்து இன்னொரு நாடக ஆசிரியரான மிடில்டன் கைவண்ணம் என்று பல ஆய்வாளர்கள் கருதுகிறார்கள், மேடையிலும் அடிக்கடி வெட்டப்படுவதுதான், கதைக்கு நஷ்டமில்லை. லெனக்ஸ் பேசும் ஆறாம் காட்சியில் அவன் குத்தலாகப் பேசும் முதல் சில வரிகளை மட்டும் நீங்களே படித்துக் காட்டுங்கள். சொல்வது ஒன்று, பொருள் வேறு என்பதைக் கற்பிக்க அந்த வரிகளைவிட நல்ல இடம் கிடைக்காது.

நான்காம் அங்கத்தில் சூனியக்காரிகளும் மாக்டஃப் வீட்டுக் காட்சியும் அப்படியே இருக்கட்டும். இங்கிலாந்துக் காட்சிதான் பெரிய கத்தரிக்கோலுக்கு உரியது. நாடகத்திலேயே நீளமான காட்சி அது. மால்கம் தன்னைத் தானே கெட்டவன் என்று சொல்லி மாக்டஃபைச் சோதிக்கும் பகுதியை நான்கு வாக்கியத்தில் சொல்லிவிட்டு, ராஸ் உள்ளே வரும் இடத்திலிருந்து படியுங்கள். மாக்டஃபின் மனைவி மக்கள் கொல்லப்பட்ட செய்தியை ராஸ் சொல்லத் தயங்கும் அந்த இடம் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளை அசையாமல் உட்காரவைக்கும். ஐந்தாம் அங்கத்தில் படைகள் நடக்கும் சின்னக் காட்சிகளைப் பலகையில் ஒரு வரைபடமாகப் போட்டுவிடலாம். தூக்கத்தில் நடக்கும் காட்சியும் மாக்பெத்துக்கு மனைவி இறந்த செய்தி வரும் காட்சியும் முழுதாக. இவ்வளவு வெட்டினாலே மூன்று பீரியட் கைக்கு வந்துவிடும்.

குளிர்காலத்தில் நாவலைவிட நாடகம் எடுத்தது நல்ல முடிவு, சொல்லிவிடுகிறேன். நாடகம் வகுப்பில் வாய்விட்டுப் படித்து முடிவது. நாவல் வீட்டில் எத்தனை பக்கம் படித்தார்கள் என்பதை நம்பியிருப்பது, பனி நாளில் முதலில் உடைவது அந்த நம்பிக்கைதான். நாடக மூலத்தை ஃபோல்ஜர் ஷேக்ஸ்பியர் நூலகம் இணையத்தில் இலவசமாக வைத்திருக்கிறது. லாக்கரில் புத்தகம் மாட்டிக்கொண்டது என்ற பேச்சுக்கு அதுவே பதில்.

வீட்டிலிருந்து பாடம் நடக்கும் நாளுக்கு வருவோம். உங்கள் மாநிலத்தில் இதற்கு அனுமதி பெற்ற பள்ளிகள் வருடத்துக்கு ஐந்து நாள் வரை வைத்துக்கொள்ளலாம், அந்த நாள் பள்ளி நாளாகவே கணக்கில் சேரும். சேருகிறது என்பதற்காக அன்று புதுப் பாடம் தொடங்காதீர்கள். இணையம் இருக்கும், மின்சாரம் இருக்கும், தம்பி தங்கை அதே கணினிக்குச் சண்டை போட மாட்டார்கள் என்று மூன்றை நம்பிச் செய்வது அது, மூன்றும் ஒன்றாக அமைவது அபூர்வம். முன்கூட்டியே அச்சடித்துக் கொடுத்த காகிதம்தான் சரி. ஒவ்வொரு நாளுக்கும் ஒரே தாள், இரண்டு பக்கம், 25 முதல் 30 நிமிட வேலை. ஒரு கவிதையும் நான்கு கேள்வியும், அல்லது 300 வார்த்தை உரைநடைப் பகுதியும் ஓரத்தில் குறிப்பு எழுத இடமும். பேனா ஒன்று போதும் என்ற அளவில் இருக்கட்டும். டிசம்பர் முதல் வாரத்தில் ஒரு கோப்பில் போட்டு வீட்டுக்கு அனுப்பி, பெற்றோர் கையெழுத்து வாங்கிவிட வேண்டும். புத்தகப் பையில் இருந்தால் கசங்கிக் காணாமல் போகும், வீட்டு அலமாரியில் இருந்தால் இருக்கும்.

பகுதிகளைத் தேர்ந்தெடுக்கும்போது ஒரு கவனம். 1929 அல்லது அதற்கு முன் அமெரிக்காவில் வெளியான படைப்புகள் காப்புரிமை தாண்டியவை, தாராளமாக அச்சடிக்கலாம். இப்போதைய நாவலின் அத்தியாயத்தை ஸ்கேன் செய்து போடும் பழக்கம் பல பள்ளிகளில் இருக்கிறது. பழக்கம் என்பதால் அது சரியாகிவிடாது. பெரிய எழுத்து, கூடுதல் நேரம், வாசித்துக் காட்டும் ஒலிப்பதிவு என்று ஐஇபி அல்லது 504 என்ற, சிறப்புத் தேவையுள்ள பிள்ளைகளுக்கான உதவித் திட்டத்தில் எழுதியிருந்தால் அது பனி நாளிலும் பொருந்தும். அந்தப் பிள்ளைகளின் கோப்பைத் தனியாகத் தயார் செய்யுங்கள், அன்று காலை எழுந்து செய்ய நேரம் இருக்காது. வருகையை எப்படிக் கணக்கிடுவது, எத்தனை நாளுக்குள் தாள் வர வேண்டும் என்பதெல்லாம் உங்கள் டிஸ்ட்ரிக்ட் திட்டத்திலேயே எழுதியிருக்கும், அதையே கோப்பின் முதல் தாளில் ஒட்டிவிடுங்கள்.

ஏபி வகுப்புக்குக் கணக்கே வேறு. மூடிய நாட்களை ஜூனில் சேர்த்து மாநிலக் கணக்கைச் சரிக்கட்டலாம். உங்கள் பிள்ளைகளுக்குத் தேர்வு மே முதல் பாதியில், பனி பெய்தது என்று அந்தத் தேதி அசையாது. ஜனவரியில் போன பீரியட் அவர்களுக்குத் திரும்பி வருவதில்லை. பிப்ரவரி தொடக்கத்திலிருந்து எண்ணினால் ஏறக்குறைய 13 வாரம், தாளில் 65 பீரியட். விடுமுறை, மாநிலத் தேர்வு, இன்னொரு பனி எல்லாம் போக 55 என்று வைத்தே திட்டமிடுங்கள். பத்து கூடுதலாகக் கிடைத்தால் அதைச் செலவழிக்க வழியா இல்லை?

அந்த 55இல் எதற்கு முதலிடம் என்பதைத் தேர்வின் அமைப்பே சொல்கிறது. ஒரு மணி நேரத்தில் 55 தெரிவுக் கேள்வி, இரண்டு மணி நேரத்தில் மூன்று கட்டுரை: கவிதை, உரைநடைப் பகுதி, தாங்களே தேர்ந்தெடுத்த படைப்பை வைத்து ஒரு வாதம். இன்னும் ஒரு முழு நாவல் நடத்த வேண்டும் என்று திட்டத்தில் இருந்தால் அதைத்தான் கைவிட வேண்டும். மூன்றாவது கட்டுரைக்கு ஆழமாகத் தெரிந்த இரண்டு மூன்று படைப்பு போதும், அரைகுறையாகத் தெரிந்த ஆறு உதவாது. கவிதை வகுப்பை மட்டும் வெட்டாதீர்கள், தெரிவுக் கேள்விக்கும் கட்டுரைக்கும் இரண்டுக்கும் அது வேண்டும்.

40 நிமிடக் கட்டுரையை 42 நிமிட பீரியடில் எழுதவைப்பதே இறுக்கம், டிலே நாளில் வாய்ப்பே இல்லை. அன்று கட்டுரையின் துண்டை மட்டும் எடுங்கள். மதிப்பெண் ஆறில் ஒன்று மையக்கருத்து வாக்கியத்துக்கு, நான்கு சான்றுக்கும் விளக்கத்துக்கும், ஒன்று நுட்பத்துக்கு. 23 நிமிடத்தில் ஒரு மையக்கருத்து வாக்கியமும் ஒரே ஒரு சான்றுப் பத்தியும் எழுதினால் அந்த ஆறில் பெரும் பங்குக்குப் பயிற்சி ஆகிவிடும். இப்போது தேர்வே புளூபுக் செயலியில் தட்டச்சு செய்வது என்பதால் இரண்டில் ஒன்றையாவது கணினியில் எழுதவையுங்கள்.

மேஜை மேல் இருக்கும் கட்டுரைக் கட்டு. பத்தாம் வகுப்பு மூன்று செக்‌ஷனும் சேர்ந்து ஏறக்குறைய 80 கட்டுரை இருக்கும் என்று வைத்தால், ஒன்றுக்குப் பத்து நிமிடம், பதிமூன்று மணி நேரத்துக்கு மேல். பனி நாளில் எல்லாவற்றையும் முடித்துவிடலாம் என்று முழுக்கட்டையும் வீட்டுக்குத் தூக்கி வந்திருப்பீர்கள். பையன் வீட்டில் இருக்கிறான், வாசலில் பனி வார வேண்டும், மதியத்துக்குள் ஆறு கட்டுரை தேறினால் பெரிது, மீதி நாள் முழுக்கக் குற்ற உணர்ச்சி. ஒரு செக்‌ஷன் கட்டை மட்டும் எடுத்து வாருங்கள், காலையில் இரண்டு மணி நேரம் மட்டும் உட்காருங்கள், பன்னிரண்டு கட்டுரை முடியும்.

இப்போது தேங்கியிருப்பதற்கு: எல்லாவற்றையும் முழுதாகத் திருத்த வேண்டாம். மையக்கருத்து, ஒரு சான்றுப் பத்தி, இரண்டை மட்டும் ரூப்ரிக்கில் (மதிப்பெண் அட்டவணையில்) வட்டமிட்டு, எழுதும் குறிப்பு ஒரே வரி. ஒன்றுக்கு நான்கு நிமிடம், மொத்தம் ஐந்தரை மணிக்குள் அடங்கும். எழுதி மூன்று வாரம் ஆன கட்டுரையில் நீங்கள் சிவப்பு மையில் எழுதும் இருபது குறிப்பை எந்தப் பிள்ளையும் படிக்கப்போவதில்லை. மார்க்கிங் பீரியட் (மதிப்பெண் பதிவுக் காலம்) முடியும் தேதி தெரியுமல்லவா, இனி பெரிய மதிப்பெண் எதையும் அதன் கடைசி ஐந்து பள்ளி நாளுக்குள் விழும்படி வைக்காதீர்கள்.

கடைசியாக உங்கள் பையன் விஷயம். இது அதிகாலை ஐந்தரைக்கு யோசிக்கிற விஷயமில்லை. தேசிய வானிலைச் சேவை ‘வின்டர் ஸ்டார்ம் வாட்ச்’ போட்டால் புயலுக்கு வாய்ப்பு என்று பொருள், ‘வார்னிங்’ என்றால் அது வந்துகொண்டிருக்கிறது அல்லது வந்தேவிட்டது. வாட்ச் போட்ட அன்றே மாலை, பையனை விட்டுவைக்க ஒரு வீட்டையும் அது முடியாவிட்டால் இன்னொரு வீட்டையும் பேசி வைத்துவிடுங்கள். உங்கள் டிஸ்ட்ரிக்ட்டில் வீட்டு அவசரத்துக்கான விடுப்பு எத்தனை நாள், எத்தனை மணிக்குள் சொல்ல வேண்டும் என்பதை ஒப்பந்தத்தில் இந்த வாரமே பார்த்து எழுதி வையுங்கள்.

வகுப்பறையில் ஸப்புக்கு (உங்களுக்குப் பதிலாக வரும் ஆசிரியருக்கு) ஒரு கோப்பு இருக்கட்டும்: செக்‌ஷன் பட்டியல், உட்காரும் வரிசைப் படம், உதவித் திட்டம் உள்ள பிள்ளைகளுக்கு என்ன செய்ய வேண்டும் என்ற குறிப்பு, மேலே சொன்ன 20 நிமிடச் செருகல் பாடங்களில் இரண்டு, வகுப்புக்கு முப்பது பிரதியோடு. பிரதி முன்னமே எடுத்திருக்க வேண்டும். பனி நாள் காலையில் ஜெராக்ஸ் மெஷின் முன்னால் நிற்கும் வரிசையில் உங்கள் ஸப் என்ன செய்வதென்று தெரியாமல் நிற்பார். கோப்பு எங்கே இருக்கிறது என்று பக்கத்து வகுப்பு டீச்சருக்கும் ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள், பூட்டிய இழுப்பறையில் வைத்துவிட்டுச் சாவியை உங்கள் பையிலேயே போட்டுக்கொண்டு வராதீர்கள்.